போல்ட்டுக்குக் காய்ச்சல்

தாயில்பட்டிக்குப் போகிறேன் என்று வாய் தவறிச் சொன்னால் போதும், ‘எனக்கும் ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ்’ என்று நாலு பேர் கை நீட்டுவார்கள். நான் போனது ஒரு போல்ட்டைப் பார்க்க. சுண்டுவிரல் தண்டி போல்ட். அது இருட்டு அலமாரிக்குள் யாருக்கும் தெரியாமல் கொதித்துக்கொண்டிருந்தது. பார்த்தபோது, சத்தியமாக, விசில் அடிக்கத் தோன்றியது!

ஆனால் அங்கே போவதற்கு முன்னால் ஒரு பட்டாசு ஆலையைத் தாண்ட வேண்டும். வெம்பக்கோட்டை தாலுகா, கரிசல் காடு. வேப்பமரங்களுக்கு நடுவே எட்ட எட்ட நிற்கும் சின்னச் சின்ன அறைகள். ஆலை மின்சாதனங்களின் வெப்பத்தை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்பதுதான் கட்டுரைக்கான விஷயம். வெப்பம் என்றால் இந்த ஊரைவிடப் பயப்படுகிற ஊர் ஏது? முதல் கேள்வியை ஃபோர்மேனிடமே போட்டேன்.

“உள்ள கரண்டே கெடையாதே தம்பி. எதக் கண்காணிக்க?”

கரண்டே இல்லை! வெடிமருந்து புழங்கும் அறைகளுக்குள் ஃபேன் இல்லை, பல்பு இல்லை, சுவிட்ச் இல்லை. என் செல்போன் கேட்டிலேயே பறிமுதல். பகல் வெளிச்சம் இருக்கிற வரைதான் வேலை. மருந்துக் கலவையை வெயில் ஏறுவதற்குள் விடிகாலையிலேயே முடித்துவிடுகிறார்கள். அறைக்குள் நுழையும் முன் வாசலில் உள்ள செம்புத் தகட்டில் கையை வைத்துவிட்டுப் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அந்தத் தகடு வழியாகத் தரைக்குப் போய்விடும். நைலான் சேலைக்கும் பாலியெஸ்டர் சட்டைக்கும் அனுமதி இல்லை, பருத்தி மட்டும். மின்சாரம் என்ற பேச்சே எடுக்காத இடத்தில், மனிதத் தோலில் ஒட்டியிருக்கும் துளி மின்சாரத்தைக்கூட வாசலில் இறக்கி வைக்கச் சொல்கிறார்கள்.

காரணம் தெளிவு. கந்தகம் 115 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். 230 டிகிரியைத் தொட்டால் தானே பற்றும். பழைய 100 வாட் குண்டு பல்பின் கண்ணாடியே நூறு டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தக் கண்ணாடிமேல் அலுமினியப் பொடியும் கந்தகத் தூசியும் படிந்தால்? வெடிக்கும் ஆவியும் தூசியும் உள்ள மற்ற தொழிற்சாலைகளில், சாதனத்தின் மேற்பரப்பு எவ்வளவுதான் சூடாகலாம் என்று தரவரிசையே உண்டு. டி1 என்றால் 450 டிகிரி வரை, டி6 என்றால் 85 டிகிரிக்குள். பட்டாசு அறைக்காரர்கள் அந்த வரிசைக்கே போவதில்லை. சாதனமே வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். உலகத்தில் நான் கேள்விப்பட்ட வெப்பக் கண்காணிப்பு முறைகளிலேயே இதுதான் ஆகச் சிக்கனமானது.

நாக்பூர் லைசன்ஸ், சென்னை லைசன்ஸ், டி.ஆர்.ஓ. லைசன்ஸ் என்று ஆலையின் அளவை உரிமத்தின் பெயராலேயே சொல்லும் ஊர் இது. எந்த லைசன்ஸாக இருந்தாலும் அறைக்குள் கூட்டம் கூடக் கூடாது, சூடு சேரக் கூடாது. இதில் விளையாட்டு இல்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம். இந்த இரண்டு வெடிவிபத்துகளின் பெயர்களையும் சொல்லும்போது இங்கே யார் முகத்திலும் சிரிப்பு தங்காது. பட்டாசு ஆலையில் பெரும்பாலும் உராய்வுதான் எமன். அதனால்தான் மின்சாரம் என்ற இன்னொரு எமனைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

சரி, கேட்டுக்கு வெளியே நின்ற மின்சாரம் எங்கே போனது? பட்டாசைச் சுற்றுகிற லேபிளை அச்சடிக்கப் போனது!

தாயில்பட்டியில் திரி வைத்த வெடிக்குச் சட்டை தைப்பது சிவகாசி அச்சகங்கள். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டி வந்தது, பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, லேபிளுக்காக அச்சு வந்தது. இன்று ஆஃப்செட் எந்திரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஆடி 18 அன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்கப்புறம் தீபாவளி லேபிள், காலண்டர், டைரி என்று மார்கழி வரை எந்திரத்துக்கு மூச்சுவிட நேரம் இல்லை. நான் போனதும் அந்தச் சீசனில்தான். வேண்டுமென்றே. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அப்படி ஒரு சிவகாசி அச்சகத்தின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, பேனல் போர்டு ரூம். வாசலில் மண்டை ஓடு போட்ட பலகை, தரையில் கறுப்பு ரப்பர் பாய். உள்ளே மஞ்சள் கோட்டுக்கு இந்தப்பக்கம் நான். அந்தப்பக்கம் முகமூடிக் கவசம், தடித்த கையுறையோடு எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி. ஓடிக்கொண்டிருக்கும் பேனலைத் திறப்பது சும்மா இல்லை. 415 வோல்ட்டில் ஷார்ட் ஆகி ஆர்க் அடித்தால் அந்தப் பொறியின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பைவிட மூன்று மடங்குக்கும் மேலே போகலாம். “கோட்டத் தாண்டாதீக தம்பி” என்று அண்ணாச்சி சொன்னபோது நான் ஏற்கெனவே இரண்டடி பின்னால் போயிருந்தேன்.

அவர் கையில் துப்பாக்கி வடிவத்தில் தெர்மல் கேமரா. சாதாரணக் கேமரா வெளிச்சத்தைப் படம் எடுக்கும். இது 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் வரும் அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்கும். எல்லாப் பொருளும் எந்நேரமும் அந்தக் கதிரை வீசிக்கொண்டேதான் இருக்கிறது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கும் அந்தப்பக்கம், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தாராம். பாதரசம் விறுவிறுவென ஏறியது. அந்த ‘அந்தப்பக்கம்’தான் இப்போது அண்ணாச்சியின் திரையில் ஊதா, ஆரஞ்சு, மஞ்சளாக மின்னியது.

“இதப் பாருங்க” என்று செம்பு பஸ்பாரைக் காட்டினார். மூன்று பளபளப்பான பட்டைகள். நடுப்பட்டையில் ஒரு மஞ்சள் திட்டு. ஆகா, சிக்கிவிட்டது என்று நான் எம்பினேன்.

“கொஞ்சம் இடப்பக்கம் நகருங்க.”

நகர்ந்தேன். திட்டும் நகர்ந்தது!

அது என் உடம்புச் சூடு. பளபளப்பான செம்பு தன் வெப்பத்தைக் கதிராக வீசுவதில் மகா கஞ்சன். பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களுடைய சூட்டை வாங்கித் திருப்பிக் காட்டும். எமிசிவிட்டி என்ற எண்ணால் இதை அளக்கிறார்கள். மெருகேறிய செம்புக்கு அது 0.05 பக்கம்தான், கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கு 0.95. செம்புப் பட்டை 90 டிகிரியில் இருந்தாலும் கேமரா ‘குளுகுளு’ என்று பொய் சொல்லும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஷட்டவுன் நேரத்தில் பஸ்பாரில் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி வைத்துவிடுவார்கள். பிற்பாடு அளப்பது அந்த டேப்பைத்தான்.

இங்கே ஒரு கூத்து. அதே ரூமில் எவர்சில்வர் கதவு போட்ட ஒரு பழைய பெட்டி. கேமராவை வைத்தால் கதவு முழுக்கக் கூரையின் பிம்பம்தான் தெரிகிறது, வெப்பம் தெரியவில்லை. ஆனால் நடுவில் மூன்று வட்டங்கள் மட்டும் தெளிவாக, சரியான எண்ணோடு. என்ன என்று எட்டிப் பார்த்தால் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு! காய்ந்த சந்தனம் பளபளப்பு இல்லாத பரப்பு. வெப்பத்தை ஒளிக்காமல் வீசுகிறது. “சாமி கும்பிட்டதுக்கு அளவெடுக்க இடம் கெடச்சுது” என்றார் அண்ணாச்சி, முகமூடிக்குள்ளிருந்து.

அப்புறம் வந்தது கதாநாயகன். ஆர், ஒய், பி மூன்று ஃபேஸ்களும் ஒரு பிரேக்கருக்குள் நுழையும் இடம். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர் ஓடுகிறது. ஆர் 54 டிகிரி. பி 55. நடுவில் இருக்கும் ஒய் 83! திரையில் அந்த ஒரே ஒரு போல்ட் வெள்ளையாகத் தகதகவென்று நின்றது. திரையை விட்டுவிட்டு நேரே பார்த்தால், வெறும் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலச் சாதுவான போல்ட்டுகள்.

83 டிகிரி அதிகமா, குறைவா? நான் இதைத்தான் கேட்டேன். அண்ணாச்சி அந்த எண்ணையே சட்டை செய்யவில்லை. கரிசல் காட்டுச் சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே எல்லாமே சுடும். பேனல் போர்டுகளுக்கான சர்வதேசத் தரம், சுற்றுப்புறம் அதிகபட்சம் 40 டிகிரி, 24 மணி நேரச் சராசரி 35 டிகிரி என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. அதை எழுதியவர்கள் இந்த ஊர்த் தகரக் கொட்டகையில் மே மாதம் மத்தியானம் ஒரு காபி குடித்துப் பார்த்திருக்கலாம் என்பது என் தாழ்மையான எண்ணம். ஆக, தனியாக ஓர் எண்ணைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்துக்காரனோடு ஒப்பிட வேண்டும். ஒரே வேலை, ஒரே லோடு, ஒரே காற்று; அப்படியிருந்தும் ஒருவன் மட்டும் 15 டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சுட்டால் உடனே கவனி என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் பிடிக்கும் கணக்கு. இங்கே கூடுதல் 28. அண்ணாச்சி நோட்டில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.

அந்த ஒரு போல்ட்டுக்கு மட்டும் ஏன் காய்ச்சல்? எந்திரம் அதிர அதிர இணைப்பு கொஞ்சம் தளரும். தளர்ந்தால் உலோகமும் உலோகமும் தொடும் பரப்பு குறையும், தடை கூடும். ஒரு மில்லி ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சொல்லவே கூச்சப்படுகிற அளவு. அதன் வழியே 200 ஆம்பியர் ஓடினால் பிறக்கும் வெப்பம் 40 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்றைப் பேனலுக்குள் சொருகி, சுவிட்சைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனதற்குச் சமம். சூட்டில் உலோகம் விரியும், இரவில் எந்திரம் நின்றால் சுருங்கும். விரிந்து சுருங்கி இன்னும் தளரும். தளர்ந்த இடத்தில் ஆக்சைடு படியும், தடை இன்னும் கூடும். காய்ச்சல் தனக்குத் தானே வட்டி கட்டி வளரும்.

இதில் என்னைத் திடுக்கிட வைத்தது என்னவென்றால், பிரேக்கருக்கு இது எதுவுமே தெரியாது. பிரேக்கருக்குத் தெரிந்தது ஆம்பியர்தான். அளவுக்கு மேல் ஓடினால் டிரிப் ஆகும். இங்கே ஓடுவது சரியான அளவு. ஃபியூஸும் சும்மா இருக்கும், மீட்டரும் சும்மா இருக்கும். கேபிளின் பி.வி.சி. உறை 70 டிகிரிக்காகச் செய்யப்பட்டது, எக்ஸ்.எல்.பி.இ. என்றால் 90. அதைத் தாண்டித் தினமும் வெந்தால் உறை முறுகி, வெடித்து, ஒருநாள் உதிரும். டிரான்ஸ்ஃபார்மர்க்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: வைத்த வரம்புக்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் உள்ளிருக்கும் காகிதக் காப்பின் ஆயுள் பாதியாகும். ஆறு டிகிரி! நமக்கு அது ஃபேனை ஒரு பாயின்ட் கூட்டி வைக்கிற சமாச்சாரம்.

சீசனில் வந்ததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். லோடு பாதியானால் இந்த 40 வாட் 10 வாட்டாகச் சுருங்கிவிடும்; ஆம்பியரின் வர்க்கத்தில் அல்லவா வெப்பம் பிறக்கிறது! எந்திரம் தூங்கும்போது படம் பிடித்தால் எல்லா போல்ட்டும் நல்ல பிள்ளை. குறைந்தது 40 சதவீத லோடாவது ஓட வேண்டும் என்பது விதி. ஆடி 18 முடிந்து எந்திரங்கள் அலறும் நாளில்தான் உண்மை வெளியே வரும்.

மற்ற அறைகளை ஓடிப் பார்த்தோம். கெபாசிட்டர் பேங்க்: பவர் ஃபேக்டர் குறைந்தால் பில்லில் அபராதம் விழும் என்பதற்காக வைக்கிற டப்பாக்கள், சூட்டுக்குப் பேர்போனவை, அன்று சமத்தாக இருந்தன. கம்ப்யூட்டர் ரூம் போர்டில் நியூட்ரல் வயர், ஃபேஸ் வயரைவிடச் சூடு. நியூட்ரல் சும்மா கூட வருகிறவன் என்றுதானே நினைத்திருக்கிறோம்? கம்ப்யூட்டர், யு.பி.எஸ்., எல்.இ.டி. விளக்கு போன்றவை இழுக்கும் கோணல் மின்னோட்டத்தில் மூன்றாம் ஹார்மோனிக் என்று ஒன்று உண்டு. மூன்று ஃபேஸிலிருந்து வரும் அது நியூட்ரலில் ஒன்றையொன்று கழிக்காமல் கூடிவிடும். மோசமான நிலையில் ஃபேஸில் ஓடுவதைப்போல 1.7 மடங்கு வரை நியூட்ரலில் ஓடலாம். அண்ணாச்சி இன்னொரு சிவப்பு வட்டம் போட்டார், இந்த முறை கொஞ்சம் சின்னதாக.

“கேமரா வர்றதுக்கு முன்னால என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?” என்று கேட்டதுதான் தாமதம், டீ வந்தது, கதையும் வந்தது. மூக்குதான் முதல் கருவி. சில பிளாஸ்டிக் சாக்கெட்டுகள் சூடேறினால் மீன் வாடை அடிக்கும். சைவச் சாப்பாட்டுக் கேன்டீனில் மீன் வாடை வந்தால் போர்டைத் திற. கரண்டை நிறுத்திய மறுநிமிடம் புறங்கையால் தடவிப் பார்ப்பது அடுத்தது. இணைப்பில் மெழுகைத் தடவிவைத்து, மறுநாள் வழிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. லைன்மேன்களுக்கு இருட்டும் தூறலும் துணை. ராத்திரியில் ஜம்பர் சிவந்து தெரியும், தூறலில் சூடான கிளாம்ப்பிலிருந்து ஆவி பறக்கும். இப்போது துணை மின்நிலையங்களிலும் தெர்மோவிஷன் கேமரா வந்துவிட்டது. லோடு ஏறிய நேரத்தில் படம் பிடித்து, சுடும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். ‘மாதாந்திரப் பராமரிப்பு காரணமாக நாளை காலை 9 மணி முதல்’ என்று பேப்பரில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வருகிறதே, அந்த நாளில் முடுக்கப்படும் போல்ட்டுகளில் சில இப்படிக் காய்ச்சல் கண்டு பிடிபட்டவை. கரண்ட் போச்சு என்று திட்டுவதற்கு முன் ஒரு நொடி நினைத்துப் பாருங்கள். பிறகு திட்டலாம்.

கேமரா வாங்க வசதி இல்லாத பட்டறைகள் டெம்பரேச்சர் கன் வைத்திருக்கின்றன. 2020-இல் ஒவ்வொரு கடை வாசலிலும் நம் நெற்றியைக் குறிபார்த்ததே, அதன் ஒன்றுவிட்ட அண்ணன். அதில் ஒரு பொறி இருக்கிறது. சிவப்பு லேசர் புள்ளி விழும் இடத்தை மட்டும்தான் அளக்கிறது என்று ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். 12-க்கு 1 என்று போட்ட கன்னை 120 சென்டிமீட்டர் தள்ளி நின்று பிடித்தால், அது 10 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைச் சொல்லும். சுண்டுவிரல் போல்ட்டின் 83 டிகிரி அந்தச் சராசரியில் கரைந்து 60 ஆகித் தெரியும். எல்லோரும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். இதைவிட 85, 90 டிகிரி வந்தால் கறுப்பாக மாறித் திரும்பாத ஸ்டிக்கர்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யாரும் இல்லாதபோது சுட்டாலும் திங்கள்கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

பேனல் கதவில் கண்ணாடி வைத்துவிட்டால் திறக்காமலே பார்க்கலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். அண்ணாச்சி என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கேமராவுக்கு முன்னால் பிடித்தார். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள்! நம் கண்ணுக்குத் தெளிவான கண்ணாடி, இந்தக் கதிருக்குச் சுவர். அதற்கென்றே தனிப் படிகத்தில் செய்த சன்னல்கள் விற்கின்றன, விலைதான் மலைக்க வைக்கும். பெரிய ஆலைகள் கதவைத் திறக்கிற வேலையையே விட்டுவிட்டு, பஸ்பாரிலேயே உணர்கருவியை மாட்டி இருபத்திநாலு மணி நேரமும் பார்க்கின்றன. ஃபைபர் இழையும் உண்டு. அதற்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியைக் கொண்டு கிலோமீட்டர் கணக்கான கேபிளில் எந்த மீட்டரில் எவ்வளவு சூடு என்று சொல்லிவிடுகிறார்கள். இழைக்குள் போவது வெறும் வெளிச்சம், மின்சாரம் இல்லை. பட்டாசு ஆலையின் வாசலைத் தாண்டத் தகுதியுள்ள வெப்பமானி ஏதாவது இருந்தால் அது இந்த ஜாதிதான் என்று எனக்குப் பட்டது. ஃபோர்மேன் சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம். அவருடைய ஆலையில் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது: ஒன்றுமே வைக்காதே.

அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டவுன். மெயின் இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியை அண்ணாச்சி இடுப்பில் முடிந்துகொண்டார். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை உள்ளே போனது. ஒய் ஃபேஸில், அலுமினிய கேபிளின் முனையில் மாட்டிய லக், ஒரு பக்கம் மட்டும் மயில்கழுத்து நிறத்தில் கறுத்திருந்தது. லக்கைக் கேபிளோடு நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் சரியாக விழவில்லை. போல்ட்டும் கால் சுற்று தளர்ந்திருந்தது. கறுத்த துண்டை வெட்டி, புது லக் போட்டு, அலுமினியமும் செம்பும் நேராக உரசாமல் நடுவில் இருஉலோக வாஷர் வைத்து, டார்க் ரென்ச்சில் ‘கடக்’ சத்தம் வரும் வரை முடுக்கினார். பலம் இருக்கிறதே என்று அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட முடுக்கவில்லை. கடைசியாக, போல்ட் தலையிலிருந்து பட்டை வரை மார்க்கரால் ஒரு கோடு. அடுத்த முறை கோடு உடைந்து தெரிந்தால் போல்ட் அசைந்துவிட்டது என்று அர்த்தம். இந்த முழு விவகாரத்திலும் ஆகச் சிறந்த தொழில்நுட்பம் எனக்கு அந்தப் பத்து ரூபாய்க் கோடுதான்.

எந்திரங்கள் மறுபடி அலறி ஒரு மணி நேரம் ஆனதும் கேமராவை நீட்டினார். ஆர் 54, ஒய் 56, பி 55. ‘முன்பு’, ‘பின்பு’ படங்களை பிரிண்ட் போட்டு முதலாளி மேஜையில் வைத்தார். ஊதாப் பின்னணியில் வெள்ளையும் மஞ்சளும் ஆரஞ்சுமாக எரிகிற படம். அந்த நிறங்கள் எல்லாம் கேமரா தன் இஷ்டத்துக்குப் பூசுவது. இரும்பு வண்ணம், வானவில் வண்ணம் என்று பட்டனைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். முதலாளி 28 டிகிரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லென்ஸை எடுத்துக் காகிதத்தில் வைத்து, நாற்பது வருடமாக லேபிளைப் பார்க்கிற அதே கண்ணால் பார்த்தார்.

“மெஜந்தா கொஞ்சம் தூக்கலா இருக்கு அண்ணாச்சி. ஆர்ட் பேப்பர்ல இன்னொண்ணு போட்டுக் கொண்டாங்க. இந்தக் கலர்ல சங்குசக்கரத்துக்கு ஒரு லேபிள் அடிச்சா எப்பிடி இருக்கும்?”